அறுபதில் ஏறும் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் முப்பது வருஷம் சர்வே பாடம் நடத்தினேன். வீடு நங்கநல்லூரில். காலையில் தியோடலைட் (கோணம் அளக்கும் கருவி) பக்கத்தில் நின்று மாணவர்கள் கேட்ட சந்தேகமும், சாயங்காலம் பக்கத்து வீட்டு மாமி பஞ்சாங்கத்தை நீட்டிக் கேட்ட சந்தேகமும் ஒன்றுதான் என்பது எனக்குப் பிடிபடப் பல வருஷம் ஆனது. இரண்டுமே பத்தில் ஏறாமல் அறுபதில் ஏறும் கணக்கு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே வைத்திருக்கிறேன்.

அறுபது அடிமானம்னா என்ன சார்? சுருக்கமா சொல்லுங்க.

நாம் எழுதும் எண்களில் 9-ஐத் தாண்டினால் பக்கத்து இடத்துக்கு ஒன்று ஏறுகிறது. அதுபோல 59-ஐத் தாண்டினால்தான் ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் அறுபது அடிமானம். கடிகாரம் தினமும் செய்வது இதையே. 1 மணி 59 நிமிடத்துக்கு அப்புறம் 1 மணி 60 நிமிடம் வருவதில்லை, 2 மணி வருகிறது.

இடமதிப்பு 1, 60, 3600, 2,16,000 என்று பெருகும். ஒன்றுக்குக் கீழே போனால் அறுபதில் ஒரு பங்கு, 3600-இல் ஒரு பங்கு என்று சிறுக்கும். இதை எழுத ஆய்வாளர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்: முழு எண் முடிந்ததும் அரைப்புள்ளி, மற்ற இடங்களுக்கு நடுவில் காற்புள்ளி. 2;30 என்றால் இரண்டும் அறுபதில் முப்பதும், அதாவது இரண்டரை. கீழே தேவைப்படும் இடங்களில் இப்படியே எழுதுகிறேன்.

ஏன் அறுபது? நூறு வச்சிருந்தா சுலபமா இருந்திருக்குமே?

பங்கு பிரித்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தை இரண்டாக, மூன்றாக, நான்காக, ஐந்தாக, ஆறாகப் பிரித்தால் 30, 20, 15, 12, 10 நிமிடம். எதிலும் மிச்சம் இல்லை. 1 முதல் 6 வரை எல்லா எண்ணாலும் மீதியின்றி வகுபடும் மிகச்சிறிய எண் 60. அதற்கு 12 வகுத்திகள். நூறுக்கு 9 தான், அதிலும் மூன்று இல்லை. நூறை மூன்று பேருக்குப் பிரித்தால் 33.333 என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

நம் பழைய பின்னக் கணக்கோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அரை, கால், அரைக்கால், மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) என்ற வரிசையில் எல்லாமே 320-க்குள் அடங்கும். பாதியாக்கிப் பாதியாக்கிக் கொடுக்க அதைப்போல வசதியான ஏற்பாடு கிடையாது. ஆனால் 320 மூன்றால் வகுபடாது; அந்த வரிசையில் மூன்றில் ஒரு பங்குக்குப் பெயரும் இல்லை. நெல்லையும் நிலத்தையும் அந்தக் கணக்கில் அளந்த அதே மக்கள் பொழுதை மட்டும் அறுபதில் அளந்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

முதன்முதலில் அறுபதை ஏன் எடுத்தார்கள் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் 12 கணுக்களை எண்ணி, மறுகையில் ஐந்து விரல் மடக்கினால் 60 வரும் என்பது ஒன்று. எடை, அளவை அலகுகளிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் பங்கு பிரிக்கும் தேவை சந்தையில்தான் முதலில் எழும்.

கண்டுபிடிச்சது யாரு? ஆரியபட்டரா?

இல்லை, அதற்கும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. இன்றைய தென் ஈராக்கில் இருந்த சுமேரியர்கள் அறுபது அறுபதாக எண்ணினார்கள். ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன் அதுவே முழுமையான இடமதிப்பு முறையாக ஆனது. அவர்களுக்குப் பின் அதே மண்ணில் வாழ்ந்த பாபிலோனியர் அதை வளர்த்தார்கள். ஈரக் களிமண் பலகையில் நாணல் குச்சியால் அழுத்தி எழுதினார்கள். மண் காய்ந்தோ சுட்டோ இறுகியதால் ஆயிரக்கணக்கில் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

அவற்றில் ஒன்றை நான் வருஷாவருஷம் முதல் வகுப்பில் பலகையில் வரைந்து காட்டுவேன். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் உள்ளங்கை அளவுப் பலகை அது, வயது 3600 ஆண்டுகளுக்கு மேல். ஒரு சதுரம், அதன் இரண்டு மூலைவிட்டங்கள், ஒரு பக்கத்தில் 30, நடுவில் 1;24,51,10 என்ற எண், அதன் கீழே 42;25,35. நடு எண்ணைப் பதின்மத்துக்கு மாற்றினால் 1.414213 வரும். இரண்டின் வர்க்கமூலம்! அதை முப்பதால் பெருக்கியதுதான் கீழே இருக்கும் எண், பக்கம் 30 உள்ள சதுரத்தின் மூலைவிட்டம். ஒரு கிலோமீட்டர் பக்கமுள்ள சதுர நிலத்துக்கு அந்த எண்ணை வைத்து மூலைவிட்டம் கணக்கிட்டால் ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாது. எழுதியவர் கல்வி பயின்ற ஒரு மாணவராகவே இருக்கக்கூடும் என்று கருதுகிறார்கள்.

அறுபது அடிமானம்னா அறுபது தனித்தனி எழுத்து வேணாமா?

பாபிலோனியருக்கு இரண்டே குறி போதுமாக இருந்தது: நிமிர்ந்த ஆப்பு ஒன்றுக்கு, மூலை மடங்கிய ஆப்பு பத்துக்கு. 43 வேண்டுமானால் நான்கு பத்து, மூன்று ஒன்று. நாமும் இன்று நிமிடத்தை 0 முதல் 59 வரை பத்தின் இலக்கங்களிலேயே எழுதுகிறோம். ஒவ்வொரு இடத்துக்குள்ளும் பத்து, இடம் மாறும்போது அறுபது.

ஒரு குறை இருந்தது. வெகு காலம் அவர்களிடம் பூச்சியம் இல்லை. முழு எண் எங்கே முடிகிறது என்று காட்டும் புள்ளியும் இல்லை. ஒற்றை ஆப்பு 1 ஆகவும் இருக்கலாம், 60 ஆகவும் இருக்கலாம், அறுபதில் ஒரு பங்காகவும் இருக்கலாம். இடையே உள்ள காலி இடத்தைக் காட்ட ஒரு குறி பிற்காலத்தில்தான் வழக்கத்துக்கு வந்தது.

அப்போ நம்ம நாழிகை அங்கேர்ந்து வந்ததா?

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்பவர்களை நம்பாதீர்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை என்பது இங்கே மிகப் பழையது. பழைய வானியல் நூலான வேதாங்க ஜோதிடத்திலேயே நாளுக்கு 30 முகூர்த்தம், 60 நாடிகை (நம் நாழிகைதான்) என்று இருக்கிறது. ஆனால் அங்கே நாடிகைக்குக் கீழே அறுபது கிடையாது; ஒரு நாடிகைக்கு 10 1/20 கலை (இங்கே கலை என்பது பொழுதின் அலகு), நாளுக்கு 603 கலை என்று போகிறது. மேலே அறுபது, கீழே வேறு என்று இருந்தால் அது அறுபது அடிமானம் ஆகாது. அறுபதை அறுபதாலேயே மேலும் மேலும் பிரிக்கும் பழக்கம் பொது ஆண்டின் தொடக்க நூற்றாண்டுகளில் கிரேக்க வானியலோடு ஏற்பட்ட தொடர்பில் வந்தது. கிரேக்கருக்கு அது பாபிலோனிலிருந்து போனது.

தமிழ்நாட்டில் பொழுது அளந்த கதையும் பழையதே. நீர் சொட்டும் கன்னல் என்ற பாத்திரத்தைப் பார்த்து அரசனுக்கு நாழிகை சொல்பவர்களைச் சங்க இலக்கியமான முல்லைப்பாட்டில் காணலாம். கருவியின் பெயர் குறுநீர்க் கன்னல். பிற்கால நாழிகை வட்டிலும் அதன் வழிவந்ததே.

சரி, அலகுகள்: 1 நாள் 60 நாழிகை, 1 நாழிகை 60 விநாழிகை, 1 விநாழிகை 60 தற்பரை. ஆங்கில மணிக்கணக்கில் நாழிகை 24 நிமிடம், விநாழிகை 24 நொடி, தற்பரை 0.4 நொடி. இந்த ஏணி எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்பதற்கு வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டு நீளமே சான்று: 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. ஆரியபட்டரின் ஆண்டும் இதுவே. மணியில் சொன்னால் 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 நொடி.

பஞ்சாங்கத்துல நாழிகை போட்டிருக்கு, எத்தனை மணின்னு பார்க்கத் தெரியல அண்ணா.

நாழிகை நள்ளிரவிலிருந்து எண்ணப்படுவது இல்லை, அன்றைய சூரிய உதயத்திலிருந்து. முதலில் அன்றைய உதயம் எப்போது என்று பாருங்கள். நாழிகையை 24-ஆல் பெருக்கினால் நிமிடம், விநாழிகையை 24-ஆல் பெருக்கினால் நொடி. மனக்கணக்குக்கு இரண்டரை நாழிகை ஒரு மணி என்று வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு திதி 18 நாழிகை 35 விநாழிகை வரை என்று இருக்கிறது, உதயம் காலை 6.00. 18-ஐ 24-ஆல் பெருக்கினால் 432 நிமிடம், அதாவது 7 மணி 12 நிமிடம். 35 விநாழிகை 840 நொடி, 14 நிமிடம். மொத்தம் 7 மணி 26 நிமிடம். ஆகவே பகல் 1.26 வரை. சென்னையில் உதயம் மே கடைசியில் 5.40-ஐ ஒட்டியும், ஜனவரி கடைசியில் 6.35-ஐ ஒட்டியும் வரும். எல்லா நாளும் ஆறு மணி என்று எடுத்துக்கொண்டால் அரை மணி வரை பிசகும்.

ராகு காலம் மூணே முக்கால் நாழிகைன்னு சொல்றாங்க. எல்லா நாளும் அதே அளவா?

நாழிகை மாறாது, ராகு காலம் மாறும். உதயம் முதல் அஸ்தமனம் வரையிலான பகலை எட்டாகப் பிரித்ததில் ஒரு பங்கு அது. பகல் சரியாக 30 நாழிகையாக இருக்கும் நாளில் எட்டில் ஒன்று 3¾ நாழிகை, ஒன்றரை மணி. காலண்டரில் அச்சடித்திருப்பது அந்தக் கணக்கு. சென்னையில் ஜூன் மாதப் பகலுக்கு அது ஏறத்தாழ 97 நிமிடமாக நீளும், டிசம்பரில் 85 நிமிடமாகச் சுருங்கும்.

மினிட், செகண்ட்ங்கிற பேருக்கு என்ன அர்த்தம் தாத்தா?

தாலமி என்ற வானியலாளர் 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்தார். அவர் ஒரு பாகையை அறுபதாகவும், அதை மறுபடி அறுபதாகவும் பிரித்துக் கணக்குப் போட்டார். லத்தீனில் முதல் பிரிவை ‘முதல் சிறு பகுதி’ என்றார்கள், அடுத்ததை ‘இரண்டாம் சிறு பகுதி’ என்றார்கள். முதலாவதில் ‘சிறு’ என்ற சொல் நின்று மினிட் ஆனது. இரண்டாவதில் ‘இரண்டாம்’ என்ற சொல் நின்று செகண்ட் ஆனது. நம் பாகை, கலை, விகலை இதற்கு இணை. வட்டத்துக்கு 360 பாகை, பாகைக்கு 60 கலை, கலைக்கு 60 விகலை.

மூன்றாம் பகுதி, நான்காம் பகுதி என்றும் இடைக்கால வானியலாளர்கள் போனார்கள். சமர்கந்தில் அல்-காஷி என்ற வானியலாளர் 1424-இல் பை (π) என்ற எண்ணின் இருமடங்கை அறுபது அடிமானத்தில் ஒன்பது இடம் வரை கணக்கிட்டார். பிறகு நொடிக்குக் கீழே பத்தின் பின்னங்கள் வந்துவிட்டன. இன்று நூறு மீட்டர் ஓட்டத்தை 9.58 நொடி என்கிறோம். புள்ளிக்கு இடப்பக்கம் அறுபது, வலப்பக்கம் நூறு.

ஒரு நாளைக்கு 21,600 மூச்சுன்னு சித்தர் பாட்டுல வருதே, அது எங்கேர்ந்து வந்த எண்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. வட்டத்துக்கு 360 பாகை, பாகைக்கு 60 கலை. பெருக்கினால் 21,600 கலை. ஆரோக்கியமான ஒருவர் அமைதியாக இருக்கும்போது விடும் ஒரு மூச்சு 4 நொடி என்று வைத்தார்கள். நாளின் 86,400 நொடியை நாலால் வகுத்தால் 21,600 மூச்சு. இரண்டு எண்ணும் ஒன்றாக அமையும்படி அலகைத் தேர்ந்திருக்கிறார்கள். ஆரியபட்டர் இதைச் சொல்லும் விதமே தனி: ஒரு மூச்சு நேரத்தில் பூமி ஒரு கலை சுழல்கிறது.

நிமிடத்துக்கு 15 மூச்சு என்று ஆகிறது; மருத்துவர்கள் சொல்லும் 12 முதல் 20 என்ற வரம்புக்குள் அது நன்றாகவே விழுகிறது. ஒரு நாழிகைக்கு 360 மூச்சு, ஒரு விநாழிகைக்கு 6. சிதம்பரத்தில் பொன்னம்பலக் கூரையின் பொன் ஓடுகள் 21,600 என்று சொல்லும் வழக்கும் இந்த எண்ணைத்தான் குறிக்கிறது. ஆரியபட்டர் சைன் அட்டவணைக்கு 3438 என்ற ஆரத்தை எடுத்ததும் இதனால்தான். சுற்றளவு 21,600 கலையாக உள்ள வட்டத்தின் ஆரம் கிட்டத்தட்ட 3438 கலை.

பிரபவ, விபவன்னு அறுபது வருஷப் பேர் இருக்கே, அதுவும் இதே கணக்கா?

எண் ஒன்று, கணக்கு வேறு. இங்கே இடமதிப்பு இல்லை. அட்சய வருஷம் முடிந்ததும் மறுபடி பிரபவ, அவ்வளவுதான். எத்தனையாவது சுற்று என்பது எங்கும் ஏறுவதில்லை. அதனால் பழைய ஓலையில் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது ஆண்டு தள்ளிப் போய்விடும் ஆபத்து உண்டு. இப்போதைய சுற்று 1987 ஏப்ரலில் தொடங்கியது. 2025 ஏப்ரலில் விசுவாவசு, அடுத்தது பராபவ.

அறுபது எப்படி வந்தது என்றால், வியாழன் சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 12 ஆண்டு, சனி ஏறத்தாழ 30 ஆண்டு. இரண்டுக்கும் பொதுவான சிறிய மடங்கு 60. ஒருவர் பிறந்தபோது இருந்த ராசிகளுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் திரும்பும் காலம் அது. திருக்கடையூரில் நடக்கும் அறுபதாம் கல்யாணத்துக்குப் பின்னால் இருக்கும் வானக் கணக்கு இதுதான். சீனர்களின் அறுபது ஆண்டுச் சுற்று 10 பெயரும் 12 பெயரும் சேர்ந்து ஓடுவதால் வருவது.

கார் வாடகை மணிக்கு 120 ரூபா. 2.30 மணி நேரம் ஓடிச்சு. 276 தானே வரணும்? டிரைவர் 300 கேக்கறார்.

டிரைவர் கேட்பது சரி. 2.30 மணி என்று எழுதும்போது நடுவில் இருப்பது தசமப் புள்ளி இல்லை. அது மணியையும் நிமிடத்தையும் பிரிக்கும் குறி, முதல் பதிலில் சொன்ன அரைப்புள்ளியின் வேலையைச் செய்கிறது. 30 நிமிடம் அறுபதில் பாதி. ஆக இரண்டரை மணி, 300 ரூபாய். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு புள்ளியால் வந்தவை. ஒரு சிறிய அலுவலகத்தில் ஓவர்டைம் முழுவதையும் இப்படிக் கூட்டி, மாதக்கணக்கில் ஆட்களுக்குக் குறைத்துக் கொடுத்திருந்தார்கள். யாரும் ஏமாற்றவில்லை, புள்ளியைத் தவறாகப் படித்திருந்தார்கள், அவ்வளவுதான். அதனால் நேரத்தை 2:30 என்று எழுதிப் பழகுங்கள்.

சேப்பாக்கத்தில் மேட்ச் பார்ப்பவர்களுக்கு இது உடனே புரியும். 18.3 ஓவர் என்றால் பதினெட்டரை ஓவர். அங்கே ஏற்றம் ஆறில் நடக்கிறது. ரன் ரேட் போடும்போது 18.5-ஆல் வகுக்க வேண்டும்.

13.05 டிகிரியும் 13 டிகிரி 5 மினிட்டும் ஒண்ணுதானே சார்?

மேலே சொன்ன அதே புள்ளி. சென்னையின் அட்சரேகை ஏறத்தாழ 13 பாகை 5 கலை. ஐந்தை அறுபதால் வகுத்தால் 0.083, ஆக 13.083. நீங்கள் 13.05 என்று போனில் தட்டினால் அது 13 பாகை 3 கலை. இரண்டு கலை வித்தியாசம் தரையில் 3.7 கிலோமீட்டர். மாற்றும் முறை எளிது. தசமப் பகுதியை 60-ஆல் பெருக்கினால் கலை, அதில் மிஞ்சும் தசமத்தை மறுபடி 60-ஆல் பெருக்கினால் விகலை. 80.2707 தீர்க்கரேகை இப்படி 80 பாகை 16 கலை 14.5 விகலை என்று ஆகும்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு இது உயிர் சம்பந்தப்பட்டது. ஜிபிஎஸ் கருவியில் தசமப் பாகை, பாகையும் தசமக் கலையும், பாகை கலை விகலை என்று மூன்று விதமாகக் காட்டும் வசதி இருக்கும். ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்கு இடம் சொல்லும்போது எந்த விதம் என்றும் சொல்ல வேண்டும். கடல் மைல் என்பதே அட்சரேகையில் ஒரு கலையின் நீளம், 1852 மீட்டர். அதனால் கடலில் கலையாகவே வைத்துக்கொள்வது வசதி. கலை வித்தியாசத்தைப் பார்த்ததும் வடக்கு தெற்கில் எத்தனை மைல் என்று தெரிந்துவிடும்.

கால்குலேட்டர்ல சைன் 30 போட்டா அரை வராம 0.454 வருது. ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை, கிரேடு என்ற அலகில் மாட்டியிருக்கிறது. அதில் செங்கோணம் 90 இல்லை, 100, வட்டம் 400. நீங்கள் கொடுத்த 30 அங்கே 27 பாகை. டிகிரிக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும்.

பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் எல்லா அளவையும் பத்தாக்க முயன்ற காலத்தின் மிச்சம் இது. நீளத்துக்கு மீட்டர் வந்தது, நிலைத்தது. நேரத்துக்கும் 1793-இல் சட்டம் போட்டார்கள்: நாளுக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிடம், நிமிடத்துக்கு 100 நொடி. 1795-லேயே கட்டாயத்தை விலக்கிக்கொண்டார்கள். ஊர் முழுக்க இருக்கும் கடிகாரங்களை மாற்ற வேண்டும், மாற்றியும் மூன்றில் ஒரு பங்கு சுத்தமாக வராது. அந்த மூன்றைப் பற்றி இரண்டாம் பதிலில் சொல்லியாயிற்று.

மெட்ராஸ் டைம்னு ஒண்ணு இருந்ததாமே? அது ஏன் 5 மணி 21 நிமிஷம்னு ஒரு மாதிரி எண்ணா இருக்கு?

பூமி 24 மணியில் 360 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம், ஒரு கலைக்கு 4 நொடி (மூச்சுக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்). நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் கட்டிய வானாய்வகத்தின் தீர்க்கரேகையை 1802-இல் அங்கிருந்த வானியலாளர் ஜான் கோல்டிங்காம் 80 பாகை 18 கலை 30 விகலை என்று கணித்தார். நாலால் பெருக்குங்கள்: 320 நிமிடம், அதோடு 74 நொடி. கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால். பிற்காலத்தில் இன்னும் திருத்தமாக 80 பாகை 14 கலை 47 விகலை என்று அளந்தபோது அது 5 மணி 20 நிமிடம் 59 நொடி ஆனது. இந்தியாவில் பல ரயில்கள் இந்த நேரப்படி ஓடின.

1906 ஜனவரி 1 முதல் வந்த இந்திய நேரம் 82 பாகை 30 கலைக்கு உரியது. நாலால் பெருக்கினால் ஐந்தரை மணி. ஆகவே சென்னையின் சொந்த நேரம் நம் கைக்கடிகாரத்துக்கு 9 நிமிடம் பின்னால் இருக்கிறது. அந்த வானாய்வகத்தின் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அதில் தமிழிலும் தெலுங்கிலும்கூடக் கல்வெட்டு உண்டு.

சர்வேல ஒரு செகண்ட் தப்பினா என்ன ஆகிடும்? அதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டப்படணும்?

ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு விகலைப் பிழை ஏறத்தாழ 5 மில்லிமீட்டர், ஒரு கலைப் பிழை 29 சென்டிமீட்டர். மனை அளக்கும்போது 29 சென்டிமீட்டர் சண்டையில் முடியும். நாட்டை முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும்போது பிழை முக்கோணத்துக்கு முக்கோணம் சேர்ந்துகொண்டே போகும். இந்தியாவை இப்படி அளக்க முனைந்த வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பறங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோட்டை (முதல் முக்கோணத்தின் அளந்த பக்கம்) அளக்கத் தொடங்கி, அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு போனது விகலைகளுக்காகத்தான்.

அந்த அளவுக்குப் போனால் புதிய சிக்கல் ஒன்று வரும். பெரிய முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 பாகைக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். பூமி உருண்டை என்பதால் வரும் மிகுதி அது. ஏறத்தாழ 197 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விகலை. சென்னை மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டரை ஒரே முக்கோணமாகப் பாவித்தால் இரண்டு விகலைக்குச் சற்று மேல். மாணவர்கள் இதைக் கருவிப் பிழை என்று நினைத்து மூன்று கோணங்களிலும் கழித்துவிடுவார்கள். முதலில் மிகுதியைக் கணக்கிட்டு எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் பிழை.

அந்தக் காலத்துல பேப்பர் பேனா இல்லாம கிரகணம் கணிச்சாங்கன்னு சொல்றது நிஜமா?

நிஜம், பதிவும் இருக்கிறது. மதராஸ் வானாய்வகத்தில் பொறுப்பு வகித்த ஜான் வாரன் 1825-இல் சென்னையில் அச்சிட்ட நூலில் எழுதியிருக்கிறார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒரு தமிழர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே, அந்த ஆண்டு மே 31 இரவுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் வித்தியாசம். கையில் ஒரு தாளும் இல்லை.

சோழி எண்ணிக்கையைக் காட்டும். ஒரு வரிசை அறுபது ஆனதும் மேல் வரிசைக்கு ஒன்று ஏறும். வாக்கியங்களில் எழுத்துகளே எண்கள். சந்திரனுக்கு 248 வாக்கியம், நாளுக்கு ஒன்று. முதல் வாக்கியம் தரும் எண் 12 பாகை 3 கலை. 248 நாள் ஏன் என்றால், சந்திரன் பூமிக்குத் தொலைவாகப் போய்த் திரும்பும் சுற்று ஒன்பது முறை முடிவது அத்தனை நாளில். இதே 248 பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் இருப்பதை வானியல் வரலாற்றாசிரியர் ஆட்டோ நியூகெபாவர் எடுத்துக்காட்டினார். தமிழ் வானியல் என்ற தலைப்பிலேயே 1952-இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். பாபிலோனின் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் பிறந்த ஒரு முறை புதுச்சேரித் திண்ணையில் 19-ஆம் நூற்றாண்டு வரை உயிரோடு இருந்ததை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது.

ஏழால வகுத்தா அறுபதுலயும் மிச்சம் வருமே?

வரும். 1/7 என்பது 0;8,34,17 என்று போய் மறுபடி 8,34,17 என்று முடிவில்லாமல் சுற்றும். 2, 3, 5 இவற்றின் பெருக்கங்களால் வகுத்தால்தான் முடியும். பாபிலோனியரின் தலைகீழ் அட்டவணைகளில் (ஒன்றை ஒவ்வொரு எண்ணாலும் வகுத்த விடைகள்) பெரும்பாலும் 7 இருக்காது. 8-க்கு நேரே 7,30, 9-க்கு நேரே 6,40 என்று முடியும் எண்களை மட்டும் தருவார்கள்.

61 செகண்ட் உள்ள நிமிஷம் உண்டாமே, அப்புறம் எப்படி அறுபது அடிமானம்?

உண்டு, இதுவரை 27 முறை. நொடியை 1967 முதல் சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகளை வைத்து வரையறுக்கிறார்கள். பூமியின் சுழற்சி அதோடு அச்சாக ஒத்துப்போவதில்லை. அதனால் 1972 முதல் தேவைப்பட்டபோது ஒரு நொடியைச் செருகினார்கள். கடைசியாகச் செருகியது 2016 முடிவில்; நம் நேரப்படி 2017 ஜனவரி 1 காலை 5:29:59-க்கு அப்புறம் 5:29:60 வந்தது, பிறகே 5:30:00. அறுபது அடிமானத்தில் 60 என்ற இலக்கமே கிடையாது என்பதால் பல கணினிகள் அந்த நொடியில் தடுமாறின. 2035-க்குள் இந்தச் செருகலை நிறுத்திக்கொள்வதாக உலக அளவையியல் மாநாடு 2022-இல் முடிவு செய்திருக்கிறது.

பேரன் விடியக்காலம் 5.52-க்குப் பொறந்தான். அன்னைக்கு உதயம் 6.10. நாழிகை மைனஸ்ல போகுமா?

மைனஸ் வராது. உதயத்தில்தான் நாள் தொடங்குகிறது என்பதால் அந்தக் குழந்தை முந்தைய நாளின் கடைசியில் பிறந்திருக்கிறது. முந்தின நாள் உதயமும் ஏறத்தாழ 6.10 என்று கொள்ளுங்கள். அதிலிருந்து 23 மணி 42 நிமிடம், அதாவது 1422 நிமிடம். 24-ஆல் வகுத்தால் 59 வரும், மிச்சம் 6 நிமிடம்; 6 நிமிடம் 15 விநாழிகை. ஆக 59 நாழிகை 15 விநாழிகை, கிழமையும் முந்தின நாளின் கிழமை. ஆஸ்பத்திரிச் சான்றிதழில் இருக்கும் தேதி நள்ளிரவுக் கணக்குப்படி அடுத்த நாளாக இருக்கும்; அதுவும் சரிதான், இதுவும் சரிதான். ஜாதகம் எழுதக் கொடுக்கும்போது தேதி, மணி, ஊர் மூன்றையும் சான்றிதழில் உள்ளபடியே கொடுத்துவிடுங்கள், கிழமையை நீங்களே மாற்றிச் சொல்ல வேண்டாம்.